மோட்டார்ஹோம் ஏன் ரோட்டில் அலைகிறது? வாங்குகிறவர் பொறுப்பு எதுவரை?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், லாரமி ஊரைத் தாண்டி மேற்கே போகிற ஐ-80 நெடுஞ்சாலை எல்க் மலையை ஒட்டிப் போகும். காற்றுக்குப் பேர்போன இடம். காற்று பலமாக வீசும் நாட்களில், எடை குறைந்த உயரமான வண்டிகளை அந்தப் பகுதிக்குள் விடவே மாட்டார்கள். நாங்கள் போன அன்று தடை எதுவும் இல்லை, சாதாரணக் காற்றுதான். ஆனால் ஓட்டிக்கொண்டிருந்த நண்பர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்கு மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் விரல் முட்டியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. ஒவ்வொரு டிரக் முந்தும்போதும் வண்டி முதலில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது, அடுத்த நொடியே டிரக் பக்கமாக இழுபட்டது. டிரக் எதுவும் இல்லாத நேர்ச்சாலையிலும் அவர் இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். "என்னப்பா இது, நான் திருப்பினா யோசிச்சு யோசிச்சுத் திரும்புது, அப்புறம் நிக்க மாட்டேங்குது" என்றார். பின்னால் சோபாவில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த அண்ணி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

36 அடி நீளம், பெட்ரோல் எஞ்சின், பழைய வண்டி. வாங்கிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

அன்று இரவு முகாமில் அவர் இரண்டு கேள்வி கேட்டார். கோளாறு வண்டியிலா, தன் ஓட்டுதலிலா என்பது ஒன்று. விற்றவரிடமே திருப்பிக் கொடுக்க முடியுமா என்பது மற்றொன்று. மோட்டார்ஹோம் வாங்க ஆசைப்படும் யாருக்கும் இந்த இரண்டு கேள்வியும் எப்போதாவது வரும். வாங்கிய பிறகு வந்தால் செலவு அதிகம். அதனால்தான் வாங்கும் முன்பே படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில், இது என்ன வண்டி

கார் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர் வேறு, மோட்டார்ஹோம் வேறு. மோட்டார்ஹோமுக்குச் சொந்த எஞ்சின் உண்டு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஓட்டுநருக்குப் பின்னால் ஒரே கூரையின் கீழ் இருக்கும். அமெரிக்காவில் மூன்று வகுப்பாகப் பிரிப்பார்கள். பஸ் மாதிரி தட்டையான முகம் உள்ள பெரிய வண்டி 'ஏ' வகுப்பு. வேன் ஒன்றின் உடலுக்குள்ளேயே வீட்டை அடக்கினால் 'பி'. வேனின் முன்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் பெட்டி கட்டினால் 'சி'. ஓட்டுநர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு படுக்கை தெரியுமே, அதுதான்.

வாங்குகிறவர் மனதில் பதிய வேண்டிய விஷயம், 'ஏ', 'சி' வண்டிகளை முழுக்க ஒரே கம்பெனி செய்வதில்லை என்பது. கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லேலண்டிலிருந்து வெறும் சேஸி ஓடி வரும், பட்டறையில் அதன்மேல் பாடி ஏறும். அமெரிக்காவிலும் அதே முறைதான். பெட்ரோல் 'ஏ' வகுப்பு வண்டிகளில் பெரும்பாலானவை ஃபோர்டின் எஃப்-53 சேஸியின் மேல் நிற்கின்றன. 'சி' வகுப்பில் ஃபோர்டு இ-450 மிகப் பரவலானது. டீசல் எஞ்சின் பின்னால் இருக்கும் விலை உயர்ந்த வண்டிகளுக்கு ஃப்ரைட்லைனர், ஸ்பார்ட்டன் போன்ற சேஸிகள். இவற்றின்மேல் வீட்டைக் கட்டுவது வேறு கம்பெனி. அந்தக் கம்பெனிகளில் மிகப் பல இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் ஊரிலும் அதைச் சுற்றியும்தான் இருக்கின்றன.

சேஸியைச் செய்தவருக்கு, அதன்மேல் எந்த வீடு ஏறும், சமையல் மேடை எந்தப் பக்கம் வரும், தண்ணீர்த் தொட்டி எங்கே உட்காரும் என்று தெரியாது. வீட்டைக் கட்டியவருக்கு, நீங்கள் அதற்குள் என்னென்ன ஏற்றுவீர்கள் என்று தெரியாது. வண்டி ரோட்டில் எப்படிப் போகும் என்பது இந்த மூவர் செய்ததையும் சேர்த்துத்தான் அமைகிறது. மூன்றாவது ஆள் நீங்கள்.

அலைவது ஏன்

வண்டிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை உள்ள தூரம்தான் வீல்பேஸ். பின் சக்கரத்துக்கு அப்பால் வால் மாதிரி நீண்டிருப்பது பின்தொங்கல். வீல்பேஸ் குறைந்து பின்தொங்கல் கூடினால், வால் தலையை ஆட்ட ஆரம்பிக்கும். பக்கக் காற்று வாலில் அடித்தால், பின் அச்சை மையமாக வைத்து வண்டியின் மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும்.

இதை ஒரே கணக்கில் பிடிக்கலாம். வீல்பேஸை மொத்த நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அனுபவக்காரர்கள் 54, 55 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி என்பார்கள். 50-க்குக் கீழே போனால் வேண்டவே வேண்டாம் என்பார்கள். இது சட்டமும் இல்லை, விஞ்ஞான விதியும் இல்லை, கைக்கணக்குதான். ஆனால் நல்ல கைக்கணக்கு. எஃப்-53 சேஸி வந்த அளவுகளில் 228 அங்குல வீல்பேஸும் ஒன்று. அதன்மேல் 35 அடி வீடு கட்டினால் 54 சதவீதம் வரும். அதே சேஸியில் 37 அடி கட்டினால் 51-க்கு இறங்கிவிடும். இரண்டு அடி கூடினால் உள்ளே பெரிய அலமாரி கிடைக்கும், கண்காட்சியில் அந்த அலமாரிதான் கண்ணில் படும். அண்ணன் வண்டி 36 அடி, 228 அங்குலம். கிட்டத்தட்ட 53. எல்லைக்கோட்டில் நிற்கிற வண்டி.

அடுத்தது எடை. எவ்வளவு எடை என்பதோடு, அது எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். அண்ணன் வண்டியில் பின் பம்பருக்கு வெளியே ஒரு இரும்புத் தாங்கி பொருத்தி, இரண்டு மின்சார சைக்கிளும் ஒரு கருவிப் பெட்டியும் ஏற்றியிருந்தார். எல்லாம் சேர்ந்து 180 கிலோ. அது பின் அச்சிலிருந்து சுமார் 4.3 மீட்டர் தள்ளித் தொங்கியது. வீல்பேஸ் 5.8 மீட்டர். சிறுவர்கள் ஆடும் சீசா பலகைக் கணக்குதான்: 180-ஐ 4.3-ஆல் பெருக்கி 5.8-ஆல் வகுத்தால் 133. முன் அச்சிலிருந்து 133 கிலோ தூக்கப்பட்டுவிட்டது, பின் அச்சின் மேல் 313 கிலோ ஏறிவிட்டது. ஏற்றியதோ 180 கிலோ. திசை திருப்புவது முன் சக்கரம், அதன்மேல் எடை குறைந்தால் ரோட்டைப் பிடிக்கும் பிடியும் குறையும். "யோசிச்சு யோசிச்சுத் திரும்புது" என்று அவர் சொன்னதில் பாதி அந்த சைக்கிள்களின் வேலை.

காற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒரு கணக்கு போதும். 35 அடி நீளம், 9 அடி உயரமுள்ள பக்கச் சுவர் கிட்டத்தட்ட 29 சதுர மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அதில் நேராக அடித்தால் அரை டன் அளவுக்குத் தள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்கு. எந்த உதிரிபாகம் மாட்டினாலும் இந்தச் சுவர் சிறியதாகாது. மோட்டார்ஹோம் கார் மாதிரி ஓடாது, ஓட முடியாது. எவ்வளவு அலைந்தால் இயல்பு, எவ்வளவுக்கு மேல் கோளாறு என்று பிரித்தறிவதுதான் விஷயம்.

பிறகு அலைன்மென்ட். சைக்கிளில் கையை விட்டு ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஹேண்டில் தானாக நேர்வழிக்கு வரும். முன் கவை சாய்ந்திருப்பதும் அதற்கு ஒரு காரணம். வண்டியின் முன் சக்கரத்துக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு, காஸ்டர் என்பார்கள். அது குறைந்தால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராது. இரண்டு முன் சக்கரங்களும் பாதம் மாதிரி லேசாக உள்நோக்கி நிற்பது டோ. அது வெளிப்பக்கம் விரிந்துவிட்டால் ஒவ்வொரு சக்கரமும் தன் வழிக்கு இழுக்கும். இந்தக் கோணங்களைச் சேஸி வெறுமையாக இருந்தபோது சரிபார்த்திருப்பார்கள். அதன்மேல் டன் கணக்கில் வீடு ஏறி ஸ்பிரிங் அமுங்கியதும் அந்தக் கோணமெல்லாம் மாறிப்போகும். அதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக் முழுச் சுமையோடு வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, அப்போதுதான் அலைன்மென்ட் செய்வார். வெறும் வண்டியில் செய்த அலைன்மென்ட் பாதி வேலைதான்.

டயர் காற்று பலர் தவறுகிற இடம். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பது அந்த டயர் உச்ச சுமையைத் தாங்கும்போது வேண்டிய அழுத்தம், உங்கள் வண்டிக்கான அளவு அதுவல்ல. வண்டிக்கான அளவு ஓட்டுநர் பக்க ஸ்டிக்கரில் இருக்கும். இன்னும் துல்லியமாக வேண்டுமானால், அச்சின் இரு பக்கத்தையும் தனித்தனியாக எடை போட்டு, எடை அதிகமான பக்கத்துக்கு டயர் கம்பெனியின் அட்டவணையில் பார்த்து, அந்த அச்சின் எல்லா டயருக்கும் அதையே நிரப்ப வேண்டும். அதிகம் அடைத்த டயர் நடுவில் மட்டும் ரோட்டைத் தொடும், கல்லின்மேல் உருளுகிற மாதிரி வண்டி அலையும். அண்ணன் வண்டியில் விற்றவர்கள் பக்கச்சுவரைப் பார்த்து அடைத்திருந்தார்கள். அட்டவணைப்படி முன் டயருக்கு 20 பி.எஸ்.ஐ. குறைவாகப் போதும்.

ஸ்டிக்கரை உட்கார்ந்து படியுங்கள்

விற்பனையாளர் சமையலறையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போங்கள். கதவருகிலோ இருக்கைக்குப் பக்கச் சுவரிலோ வெள்ளை, மஞ்சள் ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். ஜி.வி.டபிள்யூ.ஆர். என்பது வண்டியும் அதில் உள்ள எல்லாமும் சேர்ந்து எவ்வளவு எடை வரலாம் என்ற உச்ச வரம்பு. ஜி.ஏ.டபிள்யூ.ஆர். என்பது ஒவ்வொரு அச்சுக்கும் உள்ள வரம்பு. மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் ஒரு அச்சு மட்டும் வரம்பு மீறியிருக்கலாம், அப்படி நிறைய நடக்கிறது.

மூன்றாவது எண்ணைத்தான் நான் முதலில் தேடுவேன்: ஓ.சி.சி.சி. ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்பது. 2008 ஜூனுக்குப் பிறகு தயாரான மோட்டார்ஹோம்களில் இதை ஒட்டியே ஆக வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் பாதுகாப்பு விதி. எத்தனை பெல்ட் இருக்கை, தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் எத்தனை கிலோ என்பதும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். அந்தத் தண்ணீரும் சாமான் கணக்கில்தான் சேரும். பின்னால் டிரெய்லர் கட்டினால், கொக்கியின்மேல் அது அழுத்தும் எடையும் அதே கணக்குதான்.

ஒரு ஸ்டிக்கரில் 1,000 பவுண்ட் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம், அதாவது 454 கிலோ. நாலு பேர் கொண்ட குடும்பம், சராசரி 70 கிலோ என்றால் 280. தொட்டி 75 கேலன், கேலனுக்கு 8.3 பவுண்ட் வீதம் 282 கிலோ. இரண்டும் சேர்ந்து 562. இட்லிப் பானை கூட இன்னும் ஏறவில்லை, அதற்குள் வரம்பு தாண்டி 108 கிலோ. அந்த வண்டியில் எட்டுப் பேர் படுக்க இடம் இருக்கலாம், பத்து அலமாரி இருக்கலாம். அவ்வளவும் நிரப்பினால் சட்டப்படியும் தவறு, ரோட்டிலும் ஆபத்து. அந்த எண் கண்ணெதிரே ஒட்டியிருந்தும் படிக்காமல் கையெழுத்துப் போட்டால், அதில் வேறு யாரைக் குறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஓட்டிப் பார்ப்பது என்றால்

கடையைச் சுற்றி இரண்டு தெரு போய் வருவது ஓட்டிப் பார்ப்பதாகாது. நெடுஞ்சாலையில் மணிக்கு 60, 65 மைல் வேகத்தில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். டிரக்குகள் உங்களை முந்தட்டும், தள்ளுவதும் இழுப்பதும் எவ்வளவு என்று பாருங்கள். நேர்ச்சாலையில் பிடியை லேசாகத் தளர்த்திப் பாருங்கள், கையை விட்டுவிடாதீர்கள். வண்டி மெல்ல ஒரு பக்கம் நகர்ந்தால் சாலையின் சாய்வாக இருக்கலாம், சட்டென்று ஓடினால் வேறு காரணம். ரயில்வே கேட்டை மெதுவாகக் கடந்து, பின்பக்கம் எத்தனை தடவை ஆடி அடங்குகிறது என்று எண்ணுங்கள். ஸ்டீயரிங்கை இம்மியளவு திருப்பி, வண்டி எப்போது பதில் சொல்கிறது என்று கவனியுங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே வண்டியில் இதைச் செய்யுங்கள், "அதே மாடல்தான்" என்று வேறு வண்டி கொடுத்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அந்த ஒரு மணி நேரத்திலேயே ஒரு டிரக் நிறுத்தத்தில் எடை மேடை ஏறுங்கள். கேட் ஸ்கேல் என்ற பலகையை நெடுஞ்சாலை ஓரங்களில் நிறையப் பார்க்கலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி எடையோடு சீட்டு தருவார்கள், கட்டணம் கொஞ்சம்தான். லட்சம் டாலர் கொடுத்து வாங்குகிற வண்டிக்கு இந்தச் சீட்டு இல்லாமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. விற்பவர் எடை மேடைக்கு வர மறுத்தால், அந்த மறுப்பிலேயே உங்களுக்கு வேண்டிய பதில் இருக்கிறது.

பழைய வண்டி என்றால் டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின் கடைசி நாலு எண்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3216 என்றால் 2016-ன் 32-ஆவது வாரம். மோட்டார்ஹோம் ஓடுவது குறைவு, நிற்பது அதிகம். பட்டன் தேயாமலே ரப்பர் கிழடாகியிருக்கும். வண்டியின் அடையாள எண்ணை (வி.ஐ.என்.) வைத்து, குறைக்காகக் கம்பெனி திரும்பப் பெறும் அறிவிப்பு எதுவும் நிலுவையில் உள்ளதா என்று தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.ஹெச்.டி.எஸ்.ஏ.வின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சேஸிக்கும் வீட்டுக்கும் அறிவிப்புகள் தனித்தனியாக வரலாம் என்பதால், வீட்டைக் கட்டிய கம்பெனியையும் கேட்டுவிடுங்கள்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

நுகர்வோர் பாதுகாப்பு பலமான நாடு, பிடிக்கவில்லை என்றால் மூன்று நாளில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மூன்று நாள் விதி, வீடு தேடி வந்து விற்பது போன்ற விற்பனைகளுக்கானது. கடைக்குப் போய் வாங்கிய வண்டிக்கு அது பொருந்தாது. பழைய கார்களின் கண்ணாடியில் உத்தரவாதம் உண்டா இல்லையா என்று ஒட்ட வேண்டிய அறிவிப்பும், 8,500 பவுண்டுக்குக் குறைந்த எடை வரம்புள்ள வண்டிகளுக்குத்தான். பெரும்பாலான மோட்டார்ஹோம்கள் அந்த விதிக்கு வெளியே நிற்கின்றன. மோட்டார்ஹோம் வாங்கிய ஒருவர், வேகத்தை மட்டும் தானாகக் காக்கும் க்ரூஸ் கண்ட்ரோலைப் போட்டுவிட்டுக் காபி போடப் போனார், வண்டி கவிழ்ந்ததும் கம்பெனிமேல் வழக்குப் போட்டு ஜெயித்தார் என்று ஒரு கதை உலவுகிறதே, அப்படி ஒரு வழக்கே நடக்கவில்லை. சட்டம் அவ்வளவு தாராளமானதும் இல்லை.

'லெமன் சட்டம்' என்று ஒன்று உண்டு. திரும்பத் திரும்பப் பழுதாகும் வண்டியைக் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் அல்லது மாற்றித் தர வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் மோட்டார்ஹோமின் சேஸியும் ஓட்டும் பகுதியும் அதற்குள் வரும், குடியிருக்கும் பகுதியை வேறு விதமாக நடத்துகிறார்கள். இண்டியானாவின் லெமன் சட்டமோ மோட்டார்ஹோமை வெளிப்படையாகவே விலக்கிவிடுகிறது. எல்கார்ட் அந்த இண்டியானாவில்தான் இருக்கிறது என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். சில உத்தரவாதப் பத்திரங்களில், வழக்கு என்று வந்தால் தயாரிப்பாளரின் மாநிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

அடிப்படைச் சட்டம் சீரான வணிகச் சட்டத் தொகுப்பு. பொருள் விற்பனை பற்றிய அதன் இரண்டாம் பகுதியை லூசியானா தவிர மற்ற மாநிலங்கள் ஏற்றிருக்கின்றன. வியாபாரி விற்கும் பொருள் அதன் சாதாரணப் பயன்பாட்டுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற எழுதப்படாத உத்தரவாதத்தை அது தருகிறது. 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி விற்றால் அந்த உத்தரவாதம் பொதுவாகப் போய்விடும். அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. வாங்குகிறவர் பொருளைத் தான் விரும்பிய அளவு சோதித்துப் பார்த்திருந்தாலோ, சோதிக்கச் சொல்லியும் மறுத்திருந்தாலோ, அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு எழுதப்படாத உத்தரவாதம் கிடையாது. கையாளும் கோளாறு இந்த வாசகத்தில்தான் மாட்டிக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு சொன்னால், என்ன பதில் சொல்வது? "கார் மாதிரியே ஓடும் சார்" என்று விற்பனையாளர் சொன்னதை நீதிமன்றம் பெரும்பாலும் வியாபாரப் பேச்சு என்றே எடுத்துக்கொள்ளும்.

அண்ணன் கையெழுத்துப் போட்ட தாள்களில் இரண்டை எடுத்துப் பார்த்தோம். ஒன்றில் 'உள்ளது உள்ளபடி' இருந்தது. மற்றொன்றில், வண்டியைச் சோதிக்கவும் ஓட்டிப் பார்க்கவும் முழு வாய்ப்புக் கிடைத்தது என்று அச்சடித்த வரிக்கு நேரே அவருடைய முதலெழுத்துகள். அவர் ஓட்டிப் பார்த்தது பதினைந்து நிமிடம், எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல்.

எல்லாப் பழியும் வாங்கியவர்மேல் என்று நான் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத குறை தயாரித்தவர் பொறுப்பு, அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குட்இயரின் ஜி159 டயர் ஒரு உதாரணம். நகரத்துக்குள் ஓடும் விநியோக வண்டிகளுக்கென்று வந்த டயர், 1996 முதல் 2003 வரை தயாரானது. அது மோட்டார்ஹோம்களிலும் மாட்டப்பட்டு நெடுஞ்சாலை வேகத்தில் ஓடியது. விபத்துகளும் வழக்குகளும் வந்தன. திரும்பப் பெறும் அறிவிப்பு 2022-இல்தான் வந்தது. அதை எந்த டேப்பால் அளந்து கண்டுபிடிக்க முடியும்? எடை வரம்பைத் தவறாக ஒட்டியது, வெல்டிங் விட்டது, ஸ்டீயரிங் பாகம் பழுதாக வந்தது, இவை எல்லாம் அந்த வரிசைதான்.

புது வண்டியில் இப்படி ஏதாவது என்றால், முதல் நாளிலிருந்தே எழுத்தில் வையுங்கள். பட்டறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவர்களுடைய வேலைச் சீட்டில் உங்கள் புகார் உங்கள் வார்த்தையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். "மணிக்கு 60 மைலில் வலது பக்கம் ஓடுகிறது" என்பது புகார். "சரியாக ஓடவில்லை" என்பதற்கு "இந்த வகை வண்டியின் இயல்பு அப்படி" என்றுதான் பதில் வரும். சேஸிக்காரர் வீட்டுக்காரரைக் கைகாட்டுவார், வீட்டுக்காரர் டயர்க்காரரைக் கைகாட்டுவார். எடைச் சீட்டும் அலைன்மென்ட் அளவுகள் அச்சடித்த தாளும் உங்கள் கையில் இருந்தால், அந்தச் சுற்று சீக்கிரம் நிற்கும். வண்டியை ஏற்றுக்கொண்ட பிறகும், பெரிய குறை இருந்தால் ஏற்பைத் திரும்பப் பெறும் உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் நியாயமான காலத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கிடையில் வரம்புக்கு மேல் சாமான் ஏற்றி ஓட்டியிருந்தால் உங்கள் வாதம் அங்கேயே பலவீனமாகிவிடும்.

வாங்கியாகிவிட்டது, இனி?

செலவில்லாததிலிருந்து தொடங்க வேண்டும். முழுச் சுமையோடு எடை, அந்த எடைக்கேற்ற டயர் காற்று, பின்னால் தொங்குவதை முன்னால் மாற்றுவது, பிறகு சுமையோடு அலைன்மென்ட். இந்த நாலும் முடிவதற்குள் எந்த உதிரிபாகத்தையும் வாங்காதீர்கள். அதற்கு அடுத்ததுதான் தேய்ந்த புஷ், ஷாக் அப்சார்பர், ஸ்டீயரிங் இணைப்புகள். அதுவும் முடிந்த பிறகும் வால் ஆடினால், பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் சேஸியோடு பிணைக்கும் டிராக் பார் நல்ல வேலை செய்யும். உடல் சாய்வது அதிகம் என்றால் கனமான ஸ்வே பார். நிறையப் பேர் முதலில் ஓடிப்போய் வாங்குவது ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர். டயர் வெடித்தால் வண்டியை நேரே பிடிக்க அது உதவும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அலைன்மென்ட் கெட்ட வண்டியில் அதை மாட்டினால், கோளாறு கைக்குத் தெரியாமல் போகுமே தவிர வண்டியை விட்டுப் போகாது.

ஓட்டுகிறவரிடம் மாற வேண்டியதும் உண்டு. 'ஏ' வகுப்பில் ஓட்டுநர் முன் சக்கரத்துக்கு நேர் மேலேயோ அதற்கும் முன்னாலோ உட்கார்ந்திருப்பார். காரில் பழகிய கண் பக்கத்துக் கோட்டையே பார்த்துத் திருத்தும், திருத்தியதையே மறுபடி திருத்தும். பார்வையைத் தொலைவில் வைத்தால் கை தானாக அமைதியாகும். வேகத்தைக் குறைத்தாலும் பாதி அலைச்சல் அடங்கிவிடும்.

அண்ணன் வண்டிக்கு நாங்கள் செய்தது இவ்வளவுதான்: சைக்கிள்களை வீட்டில் விட்டார், கருவிப் பெட்டி முன் சக்கரத்துக்குப் பின்னால் இருந்த அடி அறைக்குப் போனது, டயர் காற்றைக் குறைத்தோம், லாரி பட்டறை ஒன்றில் சுமையோடு அலைன்மென்ட் செய்தோம். டோ வெளிப்பக்கம் விரிந்திருந்தது, அச்சடித்த தாளில் சிவப்பில் வந்தது. அடுத்த பயணத்தில் டிரக் முந்தும்போது வண்டி இன்னும் தள்ளப்படுகிறது, ஆனால் தானாக நேருக்கு வருகிறது. அண்ணி வழியில் ஒரு மணி நேரம் தூங்கினார்.

போன மாதம் அவருடைய தம்பி ஒரு 'சி' வகுப்பு வண்டி பார்க்கப் போனபோது அண்ணனும் கூடப் போயிருந்தார். விற்பனையாளர் உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் வெளியே மண்டியிட்டு, டேப்பின் ஒரு முனையை முன் சக்கரத்தின் நடுவில் வைத்து, "தம்பி, அந்தப் பக்கம் பிடி" என்றாராம்.